கூண்டுக் கொடுவாவின் குடல்

மார்ச் 4, 2025, செவ்வாய்

பினாங்கில் புக்கிட் தம்புன் படகுத்துறையிலிருந்து பெரியப்பா மகனின் கூண்டுகளுக்குப் போனேன். அண்ணன் வளர்ப்பது கொடுவா, இங்கே எல்லார் வாயிலும் சியாக்காப். மீன் நன்றாகத்தான் தின்கிறதாம், எடைதான் ஏறவில்லை. வெளிறிய எச்சம் எண்ணெய்ப் படலத்தோடு மிதக்கிறது. "மருந்து கலந்து கொடுக்கவா, தங்கச்சி?" என்றார். முதலில் குடலைப் பார்த்துவிடுவோம் அண்ணே என்றேன்.

ஒன்றை அறுத்துப் பார்த்தோம். குடலைச் சுற்றிக் கொழுப்பு தடிப்பாக அப்பியிருந்தது, ஈரலும் மஞ்சள் பூத்திருந்தது. கூண்டு மீனில் இது சகஜம். செலவழிப்பதைவிட அதிகமாகத் தின்கிறது என்பதற்கு மேல் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குடல் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒரு கூண்டுக்கு மட்டும் ஒரு நாள் தீவனம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தின்ற சில மணி நேரத்தில் எந்த நல்ல மீனின் குடல் செல்லிலும் எண்ணெய்த் துளிகள் நிறைந்திருக்கும். பட்டினிக்குப் பிறகும் அவை அங்கேயே தேங்கி நின்றால்தான் கோளாறு. அண்ணனிடம் வேலை செய்யும் மலாய்ப் பையன் நோன்பில் இருக்கிறான். மீனுக்கும் புவாசாவா என்று கேட்டுச் சிரித்தான்.

மார்ச் 6, வியாழன்

மாதிரி எடுத்தாயிற்று. நம் ஊர் வெயிலில் இதில் நிதானம் கூடாது. மீன் செத்ததுமே அதன் செரிமான நொதிகள் சொந்தக் குடலையே தின்னத் தொடங்கிவிடும். படகிலேயே வெட்டி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டேன். பக்கத்துக் கூண்டுக்காரர் வேறு தீவனம் போடுகிறார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் மீனும் கொஞ்சம் கொடுத்தார்.

அண்ணன் போனில் கேட்டதற்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கொழுப்பு நேராக உடம்பில் போய்ச் சேர்வதில்லை. பித்தநீர் அதைச் சிறு துளிகளாக உடைக்கிறது, லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கிறது. இரைப்பையை ஒட்டி விரல் விரலாகத் தொங்கும் பைகளும் குடலின் முன்பகுதியும் அதை உறிஞ்சுகின்றன. உறிஞ்சியதைக் குடல் செல் மறுபடி கொழுப்பாகக் கட்டி, மேலே பாஸ்போலிப்பிட் என்ற வேறு வகைக் கொழுப்பால் உறை போட்டுத்தான் வெளியே அனுப்ப முடியும். அந்த உறைக்குக் கோலின் என்ற சத்து வேண்டும். கோலின் குறைந்தால் சரக்கு உள்ளே வந்துகொண்டே இருக்கும், வெளியே போகாது. செல் உப்பிவிடும்.

நார்வேயில் வளர்ப்பு சால்மனில் இதைத்தான் கண்டார்கள். அந்த விரல் பைகள் வெளுத்து, கொழுப்பு தேங்கிக் கிடந்தன. தீவனத்தில் போடும் மீன்மாவில் கோலின் தாராளமாக உண்டு. அதைக் குறைத்துத் தாவரப் பொருளைக் கூட்டியபோது பற்றாக்குறை வந்துவிட்டது. தீவனத்தில் கோலின் சேர்த்ததும் தேக்கம் குறைந்தது. கொடுவா வெப்பக் கடல் மீன், சால்மன் கணக்கை அப்படியே இதற்குப் போட முடியாது. ஆனால் உறை போட்டு அனுப்பும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் அப்பா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "நம்ம செம்பனை எண்ணெய் மீனுக்கு ஆகாதா?" தோட்டத்தில் உழைத்த மனிதர், அந்த எண்ணெயைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. ஆகும்ப்பா என்றேன். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. குளிர்ந்த நீரில் மீனுக்கு அது சரியாகச் செரிப்பதில்லை. நம் கடலோ 28, 30 டிகிரி, அதனால் அந்தத் தொல்லை இங்கே குறைவு. மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் கெளுத்திக்கும் திலாப்பியாவுக்கும் கொடுத்துப் பார்த்து, நன்றாகவே வளர்வதைக் காட்டியிருக்கிறார்கள். கொடுவா மாதிரிக் கடல் மீனுக்கு ஒரு குறை உண்டு. டிஎச்ஏ, இபிஏ என்ற கொழுப்பு அமிலங்கள் செம்பனையில் இல்லை, தேவையான அளவுக்கு மீனாலும் செய்துகொள்ள முடியாது. குடல் செல்லின் சவ்வுக்கே அவை வேண்டும். கொஞ்சமாவது மீன் எண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

நுண்ணோக்கியில் பார்க்கக் குடல் சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் தயார். வழக்கமான சாயமுறையில் சாராயமும் சைலீனும் கொழுப்பைக் கரைத்துவிடும், கொழுப்பு இருந்த இடம் வெறும் ஓட்டையாகத்தான் தெரியும். ஓட்டையெல்லாம் கொழுப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் சில துண்டுகளை உறையவைத்துச் சீவி, கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயம் போட்டேன். சிவப்புச் சிவப்பாகத் துளிகள். ஒரு நாள் பட்டினிக்குப் பிறகும்! பக்கத்துக் கூண்டு மீனில் இவ்வளவு இல்லை.

எனக்கு அதைவிடக் கவலை தந்தது மடிப்புகள்தான். அண்ணனின் மீனில் குடல் மடிப்புகள் குட்டையாக இருக்கின்றன, அடியில் வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றன, கோழை சுரக்கும் செல்களும் குறைவு. அந்தக் கோழைதான் கிருமிக்கு முதல் வேலி. கோலின் குறைவால் மட்டும் இவ்வளவு வீக்கம் வருமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

தீவனக் கொட்டகைக்குப் போனேன். தகரக் கூரை, உள்ளே அடுப்படிச் சூடு. மூட்டைகள் சுவரோடு ஒட்டி அடுக்கியிருக்கின்றன. பழைய மூட்டையைப் பிரித்ததும் சிக்கு வாடை. மீன் எண்ணெய் எவ்வளவு நல்லதோ அவ்வளவு சீக்கிரம் கெடும், டிஎச்ஏவுக்கும் இபிஏவுக்கும் அதுதான் சுபாவம். கெட்ட கொழுப்பில் உண்டாகும் பெராக்சைடும் ஆல்டிஹைடும் குடல் தோலைப் புண்ணாக்கும், மீனிடம் இருக்கும் வைட்டமின் ஈயையும் தின்று தீர்க்கும்.

விற்பனையாளர் பெராக்சைடு அளவு குறைவு என்று ஒரு தாளை நீட்டினார். அந்த அளவு ஏறிவிட்டு, பெராக்சைடு உடைய உடைய மறுபடி இறங்கும். நன்றாகக் கெட்ட எண்ணெயிலும் குறைவாகவே காட்டலாம். அனிசிடின் அளவையும் சேர்த்துக் கேட்டேன், அதில்தான் ஆல்டிஹைடு தெரியும். தருகிறேன் என்றார்.

சாக்கில் கொழுப்பு இத்தனை விழுக்காடு என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத்தான் நம் ஆட்கள் தீவனம் வாங்குகிறார்கள். கொழுப்பு கூடினால் மலிவாகச் சக்தி கிடைக்கும், புரதம் சதை வைக்க மிஞ்சும், அது உண்மைதான். ஆனால் எந்தக் கொழுப்பு, எத்தனை நாள் பழசு, அதை ஏற்றி அனுப்பக் குடலுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள்? இதையெல்லாம் சாக்கில் யாரும் போடுவதில்லை. போட வேண்டும்.

மார்ச் 22, சனி

அண்ணனோடு உட்கார்ந்து முடிவு செய்தோம். பழைய மூட்டைகள் வேண்டாம். இனி கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, தரையையும் சுவரையும் தொடாமல் பலகையில் அடுக்குவது. ஒரு கூண்டுக்குப் புதுத் தீவனம் மட்டும், இன்னொன்றுக்கு அதே தீவனத்தோடு, கோலின் உள்ள சோயா லெசித்தின். அப்போதுதான் கோலின் குறையா, சிக்கு எண்ணெயா என்று பிரித்துப் பார்க்க முடியும். நுண்ணுயிர்க்கொல்லி வேண்டவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் அது கொன்றுவிடும். அண்ணன் தலையாட்டினார். மருந்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொட்டகைக் கூரையை மாற்றப் போகிறாராம்.