சி.டபிள்யூ.என்.ஏ. தேர்வும் ஹவுஸ் ஓனரின் பான் நம்பரும்

வேலை பார்த்துக்கொண்டே சி.டபிள்யூ.என்.ஏ. என்ற வைஃபை நெட்வொர்க் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் முதலில் சிக்னல் சக்தியை ஒப்பிடும் டெசிபல் (டிபி) கணக்கைப் பழகிவிடுங்கள். 60 கேள்வி, 90 நிமிடம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து லாகரிதம் போட நேரம் இருக்காது. 3 டிபி குறைந்தால் சக்தி பாதி, 10 டிபி குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்வது டிபிஎம்; 20 டிபிஎம் என்பது 100 மில்லிவாட். 17 என்றால் 50. அவ்வளவுதான்.

சேலம் அஸ்தம்பட்டியில் நான் குடியிருக்கும் போர்ஷன்தான் எனக்கு லேப். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடப்பேன். இரும்பு பீரோவுக்குப் பின்னால் போனதும் சிக்னல் −52 டிபிஎம்மிலிருந்து −64க்கு இறங்கியது. 12 டிபி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. புத்தகத்தில் மண்டையில் ஏறாதது பீரோவில் ஏறியது.

ஃப்ரெனல் ஸோனை, அதாவது இரண்டு ஆன்டெனாவுக்கு நடுவே அலை பரந்து போகும் இடத்தை, கற்றுக்கொடுத்தது ஏற்காடு. காபித் தோட்டத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வயர்லெஸ் லிங்க் போடும் வேலை. இங்கிருந்து பார்த்தால் எதிர் ஆன்டெனா பளிச்சென்று தெரிகிறது, ஸ்பீடு மட்டும் வரவில்லை. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 5.5 கிகாஹெர்ட்ஸில் நட்டநடுவே சுமார் 3.7 மீட்டர் ஆரத்துக்கு அலை பரந்து போகும். அதில் 60 சதவீதமாவது தடையில்லாமல் இருக்கவேண்டும். சில்வர் ஓக் கிளைகள் அதற்குள் நுழைந்திருந்தன. கம்பத்தை உயர்த்தினோம், சரியாகிவிட்டது. பனிமூட்டத்தின் மேல் பழி போட்டவர்கள் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

படிப்பு மும்முரமாக இருந்த ஜனவரியில் ஆபீஸில் ஹெச்.ஆர்.ஏ. என்ற வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்கு தர ஆதாரம் கேட்டார்கள். நான் பழைய வரிமுறையில் இருப்பதால் அந்த விலக்கு உண்டு. மாதம் 10,000 வாடகை. வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் நம்பர் வேண்டும்.

"வாடகைக்கெல்லாம் எதுக்குத் தம்பி பான்? ரசீது வேணும்னா தர்றேன்" என்றார் ஓனர்.

என் சம்பளத்தில் வரி, கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்கள். மூன்று போர்ஷன் வாடகை மட்டும் கணக்குக்கு வெளியே நிற்பது என்ன நியாயம்? அதை அப்படியே அவரிடம் கேட்கவில்லை. டிபி கணக்குப் போட்ட நோட்டிலேயே அவர் கணக்கையும் போட்டுக் காட்டினேன். மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து வருட வாடகை 3,60,000. கட்டிய வீட்டுவரி 12,000 போனால் 3,48,000. அதில் 30 சதவீதம், ரிப்பேர் செலவு காட்டாமலே கழிவு. மிச்சம் 2,43,600. பென்ஷனைச் சேர்த்தாலும் 12 லட்சத்துக்குக் கிட்டேகூட வரவில்லை. 2025-26க்குப் புதிய முறையில் அவருக்கு வரியே இல்லை. மொத்தம் 4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் மட்டும் போட்டாக வேண்டும்.

"இவ்வளவுதானா சார் பயம்?" என்றேன். நோட்டை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, பான் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

பிப்ரவரியில் தேர்வு எழுதி பாஸானேன். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். அடுத்து பாதுகாப்புக்கான சி.டபிள்யூ.எஸ்.பி. ஏப்ரலில் வாடகையில் 500 ஏற்றியிருக்கிறார் ஓனர். ரசீது கேட்காமலே வருகிறது.