அந்த எண் எந்த ஊர் எண்?

போன ஞாயிற்றுக்கிழமை முக்கூடலில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் வந்தது தெரிந்து சித்தி மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம். பீடி சுற்றும் பெண்களிடம் ரத்தசோகை, இதுதான் புராஜெக்ட் தலைப்பு. "ரெஃபரன்ஸ் எல்லாம் போட்டுட்டேன்க்கா, சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்றாள். மொத்தம் 14. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க உட்கார்ந்தோம், மத்தியானச் சாப்பாடு மூன்றரை மணிக்குத்தான்.

அதில் மூன்று கட்டுரைகள் உலகத்திலேயே கிடையாது. சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஆசிரியர் பெயர், பத்திரிகை, வருஷம், பக்க எண் எல்லாம் அசலைப் போலவே இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் தனி அடையாளமாகத் தரும் டிஓஐ எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஒன்று திறக்கவே இல்லை, இன்னொன்று மீன் வளர்ப்புக் கட்டுரையில் போய் நிற்கிறது. பிள்ளை யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, அதனால் திட்ட மனசு வரவில்லை. ஆனால் இது உடம்பு சம்பந்தப்பட்ட படிப்பு. நாளைக்கு வார்டில் ஒரு மருந்தின் அளவையும் இப்படியே நம்பிவிடுவாளோ என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அந்த மூன்றையாவது அடித்துவிட்டால் போயிற்று. உண்மையான கட்டுரையில் இருந்த ஒரு எண்தான் எங்களை ரொம்ப நேரம் அலைய வைத்தது. பீடிப் பெண்களில் இத்தனை சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஒரு வரி, பக்கத்தில் இன்னொரு கட்டுரையின் பெயர். அதைத் திறந்தால் அதுவும் வேறொன்றைக் கை காட்டுகிறது, அது இன்னொன்றை. நாலாவது இடத்தில்தான் நிஜமாக ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு வந்தது, பார்த்தால் அது வேறு மாநிலம், அதுவும் கர்ப்பிணிகளை மட்டும் எடுத்த ஆய்வு. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, மற்றப் பெண்களுக்கு 12. அளவுகோலே வேறு! இடையில் மூன்று பேர் அந்த வரியை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒருத்தரும் திறந்து பார்க்கவில்லை.

அப்புறம் தேசிய குடும்ப நல ஆய்வுக்குப் போனோம். 2019–21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாவட்டவாரியாகவும் தாள் இருக்கிறது, இலவசம்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள், அந்த ஆய்வு 2017 மார்ச்சில் இருந்த மாவட்டக் கணக்கை வைத்து நடந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆக, திருநெல்வேலி என்று போட்டிருக்கும் தாளில் கடையநல்லூரும் சங்கரன்கோவிலும்கூட அடக்கம். "ஒன்றுபட்ட திருநெல்வேலி மாவட்டத்தில்" என்று அவளையே திருத்த வைத்தேன்.

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் தேடும்போது பீடியின் ஆங்கில எழுத்தை 'ஐ' போட்டு ஒரு தடவை, 'டபுள் ஈ' போட்டு ஒரு தடவை தேட வேண்டும். ஒரு எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்ததால் அவளுக்குப் பாதிக் கட்டுரைகள் கண்ணிலேயே படவில்லை. பப்மெட்டில் இருப்பதாலேயே எல்லாம் சரி என்றும் இல்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட லான்செட் கட்டுரை 1998இல் வந்தது, 2010இல்தான் வாபஸ் வாங்கினார்கள். வாபஸ் ஆன கட்டுரை என்றால் மேலேயே குறிப்பு இருக்கும், அதைப் பார்த்துவிட்டுப் படியுங்கள். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் நம்ம திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரியின் ஆய்வேடுகளும் கிடைக்கின்றன. அவற்றை ஆதாரமாகப் போடுவதைவிட, கேள்வித்தாளை எப்படி அமைத்தார்கள், எந்தக் கட்டுரைகளைப் படித்தார்கள் என்று பார்க்க எடுத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு நேரமும் அம்மா மடியில் சொளவை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலையைச் சுருட்டி, நுனியை விரலால் மடக்கி, நூலைக் கட்டிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ரத்தம் விரல்ல குத்தி எடுப்பீகளா, கையில எடுப்பீகளா? விரல்ல குத்துனா அன்னைக்கு மடக்க முடியாதுட்டி, யாரும் வர மாட்டாக."

சித்தி மகள் என்னைப் பார்த்தாள். குடும்ப நல ஆய்வில் விரல் நுனியில் எடுத்த துளி ரத்தம், ஆஸ்பத்திரி லேபில் நரம்பில் ஊசி போட்டு எடுத்தது. இரண்டிலும் ஒரே அளவு வரும் என்று சொல்ல முடியாது, அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் கூடாது. மிச்சம் இருந்த 11 கட்டுரைகளையும் முதலில் இருந்து திறந்தோம். அட்டவணையில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, ரத்தம் எங்கே எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தாள்.