ஒரே ஓடுபாதை, இரண்டு வாசல்: விமான நிலையத் தகவல் தளம் கட்டுகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர் பெரும்பாலும் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில்தான் ஏறுகிறார். இலவசத் தகவல் தளம் ஒன்று கட்டினால், வடசேரியில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கும் அந்த ஆளை மனதில் வைத்துக் கட்டுங்கள்.

அடிப்படைத் தரவுக்குக் காசு வேண்டாம். அவர்ஏர்போர்ட்ஸ் (OurAirports) தளத்தில் உலக விமான நிலையங்களின் சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) பொதுவுடைமையாகவே கிடைக்கிறது. ஹெலிபேட், மூடப்பட்டவை எல்லாம் சேர்த்து 70,000 வரிகளுக்கு மேல் இருக்கும். வழக்கமான பயணச் சேவை உள்ளவற்றை மட்டும் முதலில் வடிகட்டுங்கள். பைதான் நிரல்மொழியில் பாண்டாஸ் என்ற அட்டவணைக் கருவி கொண்டு படித்தால் ஒரு பொறி உண்டு: வட அமெரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் உள்ள 'என்ஏ' குறியீட்டை அது வெற்றுக் கட்டம் என்று எடுத்துக்கொள்ளும். படிக்கும்போதே அந்த வழக்கத்தை அணைத்துவிட வேண்டும். கோப்பை எக்செல்லில் திறந்து சேமிக்கவே கூடாது; தமிழ்ப் பெயர்கள் சிதைந்துவிடக்கூடும்.

டிக்கெட்டில் வரும் மூன்றெழுத்து ஐஏடிஏ குறியீட்டை அட்டவணையின் சாவியாக (ஒவ்வொரு வரியையும் அடையாளம் காட்டும் கட்டமாக) வைக்காதீர்கள். அது இடம் மாறும். தோஹாவில் 2014-ல் ஹமத் நிலையம் வந்தபோது 'டிஓஹெச்' அங்கே போய்விட்டது. இஸ்தான்புல்லிலும் 2019-ல் 'ஐஎஸ்டி' புது நிலையத்துக்குப் போனது. பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டால் பயணி தவறான இடத்துக்குப் போவார். சொந்தமாக ஓர் எண் கொடுத்து, குறியீடுகளை வெறும் விவரமாக வைப்பதே பாதுகாப்பு.

அதிகப் பிழை வருவது ஆயத்தொலைவில், அதாவது வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில். அரசு ஆவணங்கள் பாகை (டிகிரி), கலை (நிமிடம்), விகலை (விநாடி) என்று தரும். திருவனந்தபுரம் ஏறத்தாழ 8 பாகை 29 கலை வடக்கு, 76 பாகை 55 கலை கிழக்கு. அதை அப்படியே 8.29, 76.55 என்று போட்டால் குறி அரபிக்கடலில் விழும். கலையை 60-ஆல் வகுக்க வேண்டும்: 8.48, 76.92.

சரியாகப் போட்டாலும் வேலை முடியவில்லை. அந்தப் புள்ளி பெரும்பாலும் ஓடுபாதையின் நடுப்பக்கம்தான் இருக்கும். திருவனந்தபுரத்தில் முதல் டெர்மினல் சங்குமுகம் பக்கம், இரண்டாவது சாக்கை பக்கம், நடுவில் ஓடுபாதை. குறுக்கே நடக்க வழியில்லை, சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு டெர்மினலுக்கும் புறப்பாட்டு வாசலின் புள்ளியைத் தனித்தனியாகக் கொடுங்கள். 'வழி காட்டு' பொத்தான் அங்கேதான் போக வேண்டும். துபாயிலும் இரண்டாம் டெர்மினல் மற்ற இரண்டுக்கும் எதிர்ப்பக்கம். இதே முறை அங்கும் உதவும்.

விரிவாக்கும்போது அட்டவணையை இரண்டாகப் பிரியுங்கள். உயரம், ஓடுபாதை நீளம் போன்றவை எப்போதாவதுதான் மாறும். டெர்மினல் ஒதுக்கீடு, பார்க்கிங் கட்டணம், தொலைபேசி எண், பஸ் நேரம் எல்லாம் சொல்லாமல் மாறும். இவை ஒவ்வொன்றுக்கும் 'சரிபார்த்த நாள்' என்ற கட்டம் கட்டாயம். ஆறு மாதம் தாண்டியதைப் பக்கத்திலேயே மங்கலாகக் காட்டுங்கள். கையால் திருத்தியவற்றைத் தனிக் கோப்பில் வைத்து, மூலக் கோப்பு இறங்கிய பிறகு மேலே பூச வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த இறக்கத்தில் உழைப்பெல்லாம் அழிந்துபோகும்.

தேடலுக்கு மாற்றுப் பெயர்கள் வேண்டும். தூத்துக்குடி நிலையத்தை நம் ஆட்கள் வாகைக்குளம் என்றுதான் தேடுவார்கள். 'ட்ரிவேண்ட்ரம்' என்று அடித்தாலும் திருவனந்தபுரம் வர வேண்டும்.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து தரவு எடுத்தால் அவர்கள் பெயரைக் குறிப்பிடுவது உரிம நிபந்தனை. பக்கங்களை நிலையான கோப்புகளாக உருவாக்கினால் கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவையிலேயே செலவில்லாமல் ஓடும்.

கடைசியாக ஒரு கட்டம்: 'சிறப்பு மூடல்'. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு (சுவாமியின் கடல் நீராட்டு) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. அந்த இரண்டு நாளும் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். திருவிழாத் தேதி தெரிந்ததும் நாளைப் போடுங்கள். நேரத்தை, விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு வந்த பிறகு மட்டும்.