2 ஜிபி ரேமில் ஒரு மெயில் சர்வர்

சொந்தமாக மெயில் சர்வர் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "இத்தனை பேருக்கு எத்தனை ஜிபி ரேம் வேணும்?" என்றுதான். ஆள் கணக்கை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, வருகிற மெயிலை எந்த மென்பொருள் சோதிக்கிறது என்று சொன்னால் சொல்லலாம்.

மெயிலை வாங்கிக் கொடுக்கிற வேலைக்கு ரேம் அதிகம் ஆகாது. 1998இல் ஐபிஎம்மிலிருந்து வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ், வேலையைச் சின்னச் சின்ன ப்ராசஸ்களாக (தனித்தனியாக ஓடும் நிரல்களாக) பிரித்துக்கொண்டு, வந்த மெயிலை டிஸ்கில் இருக்கும் க்யூவில் எழுதிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடும், ஒவ்வொரு ப்ராசஸும் சில எம்பிக்கு மேல் கேட்காது.

ரேமைத் தின்பது வைரஸ் தேடும் கிளாம்ஏவி. வைரஸ் அடையாளங்கள் மொத்தத்தையும் மெமரியில் ஏற்றி வைத்துக்கொண்டுதான் அது வேலையே செய்யும், ஒரு நாளைக்குப் பத்து மெயில் வந்தாலும் பத்தாயிரம் வந்தாலும் அந்த ஒரு ஜிபிக்கு மேற்பட்ட இடம் போனது போனதுதான். இதைவிட மோசம், புது அடையாளங்கள் வரும் நேரம். பழையதைக் கையில் வைத்துக்கொண்டே புதியதையும் ஏற்றுவதால் சில நிமிடங்களுக்குத் தேவை இரண்டு மடங்காகிவிடும். அதனால்தான் அவர்களுடைய ஆவணமே 3 ஜிபிக்கு மேல் வேண்டும் என்கிறது. பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய சர்வர் திடீரென்று ஒரு நேரத்தில் திணறுகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கான்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட் என்கிற அமைப்பை 'நோ' என்று மாற்றினால் பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும், அந்தக் கொஞ்ச நேரம் சோதனை நிற்கும், சின்ன அலுவலகத்துக்கு அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அப்டேட்டைக் கொண்டுவரும் ஃபிரெஷ்கிளாமும் புதிய கோப்பை ஒருமுறை ஏற்றிச் சோதித்துப் பார்க்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2 ஜிபிதான் இருக்கிறது என்றால் என் யோசனை: கிளாம்ஏவியே வேண்டாம். ஸ்பாமுக்கு ஆர்ஸ்பாம்டி போடுங்கள், சி மொழியில் எழுதியது, பெர்லில் ஓடும் ஸ்பாம்அசாசினைவிட மிகவும் லேசு. இணைப்பில் எக்ஸ்இ, விபிஎஸ் மாதிரி ஃபைல் வந்தால் அதிலேயே தடுக்கலாம். ஆர்ஸ்பாம்டி நம்பியிருக்கும், தகவலை ரேமிலேயே வைத்துக்கொள்ளும் டேட்டாபேஸான ரெடிஸுக்கு மேக்ஸ்மெமரி வரம்பு கட்டாயம் கொடுக்க வேண்டும், நான் 256 எம்பி கொடுப்பேன். வரம்பு இல்லாத ரெடிஸ் வளர்ந்துகொண்டே போகும்.

சரி, ஆள் கணக்கு எங்கே வருகிறது? ஐமேப்பில், அதாவது சர்வரில் இருக்கும் மெயிலைப் போனிலும் கணினியிலும் படிக்கும் வழியில். அந்த வேலையைச் செய்யும் டவ்காட் வழக்கமாக ஒவ்வொரு ஐமேப் இணைப்புக்கும் தனி ப்ராசஸ் திறக்கிறது, கணினியில் மெயில் படிக்கும் தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கே ஐந்து இணைப்பு வரை திறக்கும், அப்புறம் புது மெயிலுக்காகக் காத்துக்கொண்டு ஒவ்வொருவருடைய போனும். 40 பேர் இருந்தால் 240 ப்ராசஸ், அதில் பெரும்பாலானவை சும்மா உட்கார்ந்திருப்பவை! இதற்கு இருக்கவே இருக்கிறது ஐமேப் ஹைபர்னேட்: சும்மா காத்திருக்கும் இணைப்புகளை ஒரே ப்ராசஸில் ஒதுக்கிவிட்டு, வேலை வந்ததும் திரும்ப எழுப்பும். 2.3 வரிசையில் அது தானாக ஓடாது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் ஒதுக்கலாம் என்பதை நாம்தான் கொடுக்க வேண்டும். லாகில் விஎஸ்இசட் லிமிட் பற்றிய பிழை வந்தால், ரேம் தீர்ந்துவிட்டது என்று பதற வேண்டாம். அது அந்த ஒரு ப்ராசஸுக்கு டவ்காட் போட்டிருக்கும் மெமரி வேலி (2.3 வரிசையில் 256 எம்பி), பெரிய மெயில்பாக்ஸ் வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் போதும்.

போஸ்ட்ஃபிக்ஸில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ப்ராசஸ் வரம்பு சேவைக்கு 100 என்று வரும். சோதனை செய்யும் மென்பொருள் அத்தனையைத் தாங்காது. அமைப்புக் கோப்பில், வெளியிலிருந்து மெயில் வாங்கும் எஸ்எம்டிபிடி வரியில் மட்டும் 20 என்று குறைத்துவிடுங்கள். அதற்கு மேல் வருகிறவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள், மெயில் தொலையாது. ரேம் வாங்குவதைவிட இந்த ஒரு எண் எத்தனையோ சர்வர்களைக் காப்பாற்றும் என்பது என் திடமான கருத்து.

ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் பயன்படும் இடம்) ஒரு ஜிபியாவது வையுங்கள். ஃப்ரீ கமாண்ட் அடித்துப் பார்க்கும்போது 'ஃப்ரீ' என்ற எண் சின்னதாக இருப்பதைக் கண்டு பயப்படாமல் 'அவைலபிள்' எண்ணைப் பாருங்கள், மிச்ச ரேமை லினக்ஸ் டிஸ்க் கேஷாக வைத்திருக்கிறது, டவ்காட்டின் இண்டெக்ஸ் கோப்புகள் வேகமாகத் திறப்பதே அதனால்தான். அதையும் பிழிந்து எடுத்துவிட்டால் மெயில்பாக்ஸ் திறக்கவே நேரமாகும்.

மில்டர் வழியாக, அதாவது போஸ்ட்ஃபிக்ஸோடு சோதனை மென்பொருளை இணைக்கும் வழியில், சோதிக்கும் மென்பொருளை லினக்ஸ் கெர்னல் என்றாவது மெமரி போதாமல் கொன்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 'டெம்ப்ஃபெயில்' என்று சொல்லும், அதாவது பிறகு வா என்று அனுப்பியவரின் சர்வரைத் திருப்பி அனுப்பும், அதுவும் மறுபடி முயலும். மெயில் தாமதமாகிறதே என்று அவசரப்பட்டு இதை 'அக்செப்ட்' என்று மாற்றிவிடாதீர்கள், சோதிக்காத மெயில் எல்லாம் நேராக உள்ளே வந்துவிடும்.