டிக்கெட் இல்லாத அரங்கேற்றம்

கலைகளால் ஊருக்கு என்ன வருமானம் என்று கணக்கெடுத்த ஓர் ஆய்வில் கொஞ்சக் காலம் களப்பணி செய்தேன். எனக்கு வாய்த்தது கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம். கேள்விக்கொத்தின் தொடக்கத்திலேயே டிக்கெட் விலை, விற்ற எண்ணிக்கை. நடன அரங்கேற்றத்துக்கு யார் டிக்கெட் விற்கிறார்கள்? அழைப்பிதழ் கொடுத்து, வந்தவர்களுக்குச் சிற்றுண்டியும் கொடுத்து அனுப்புவதுதானே நம் வழக்கம். அந்தக் கட்டத்தில் பூச்சியம்தான் எழுதினேன்.

அதற்காகக் காசு புரளவில்லை என்றில்லை. மண்டப வாடகை, மேடைச் சோடனை, ஒலி ஒளி, உடுப்புத் தையல், ஒப்பனை, வீடியோ, பாட்டு, மிருதங்கம், வயலின், ரீச்சருக்குத் தட்சணை என்று எல்லாம் பெற்றோர் கையிலிருந்து போகிறது. பக்கவாத்தியக்காரரைச் சென்னையிலிருந்து கூப்பிட்டால் அந்தப் பங்கு கொழும்பில் தங்காது. அதைக் கழிக்காமல் மொத்தச் செலவையும் பொருளாதாரப் பங்களிப்பு என்று காட்டும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை.

ஒரு தாயிடம் கேட்டேன்: "அரங்கேற்றம் வைக்காட்டி இந்தக் காசை என்ன செய்திருப்பீங்கள், அன்ரி?"

"நகை வாங்கியிருப்பம் தம்பி, வேறென்ன?"

நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவுக்குப் போகவேண்டிய காசு பம்பலப்பிட்டிக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஊர் வருமானம் அதனால் கூடியதா என்பது வேறு கேள்வி.

செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதற்கு பொருளியலாளர்கள் வில்லியம் போமோலும் வில்லியம் போவனும் 1966இலேயே விடை சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலையில் ஒரே ஆள் வரவரக் கூடுதலாகச் செய்வார். நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் நால்வரும் அதே நேரமும் வேண்டும். மற்றத் துறைகளில் சம்பளம் ஏறும்போது கலைஞருக்கும் ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். பரதத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தைப் பத்து நிமிடத்தில் ஆடி முடித்து உற்பத்தித்திறன் காட்டச் சொல்ல முடியுமா?

சரி, காசுக் கணக்குக்கு வெளியே இருப்பதை எப்படிப் பிடிப்பது? 1990களில் கோப்பன்ஹேகனின் ராயல் தியேட்டர் பற்றிய ஆய்வொன்றில், அங்கே போகாத டென்மார்க்காரரும் அதற்காக வரி கொடுக்கத் தயார் என்றார்கள். அதே பாணிக் கேள்வி எங்கள் படிவத்திலும் இருந்தது: இந்த மண்டபம் மூடாமலிருக்க மாதம் எவ்வளவு தருவீர்கள்? ஓய்வுபெற்ற ஓர் ஐயா, "நான் டான்ஸ் பாக்கப் போறதில்லைத் தம்பி. ஆனா மூட விடமாட்டம்" என்றார். தொகையைக் கேட்டால் முறைத்தார்.

தொகை சொல்ல மறுக்கும் இப்படிப்பட்ட பதில்களை 'எதிர்ப்பு' என்று ஒதுக்கிவிட்டுத்தான் சராசரி எடுப்பார்கள். மேலாளரோடு வாதாடினேன். அவற்றைத் தனி அட்டவணையில் போட ஒத்துக்கொண்டார்.