டர்பனில் ஒரு புரட்டாசி சனிக்கிழமை

சென்னையிலிருந்து துபாய், துபாயிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன். கிங் ஷாகா விமான நிலையத்துக்கு அக்காவே வந்திருந்தாள். பெரியம்மா மகள். காரில் ஏறி பெல்ட் போடுவதற்குள் முதல் எச்சரிக்கை வந்துவிட்டது.

"வீட்டுக்கு வந்து மார்மன் மார்மன்னு சொல்லாதல. அந்தப் பேர் வேண்டாம்னு எங்க தலைவர் 2018லயே சொல்லிட்டாரு."

அக்கா குடும்பம் போகும் சபையின் முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தடுமாறாமல் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ.காரன். மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது சபைப் போதகரான ஐயர் தலையில் தண்ணீர் ஊற்றினார், நான் வீறிட்டு அழுதேன் என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அக்கா மகளுக்கு எட்டு வயது. அவள் ஞானஸ்நானத்துக்குத்தான் வந்திருக்கிறேன். இந்தச் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. நல்லது கெட்டது தெரிந்து பதில் சொல்லும் வயது எட்டு என்று 1831இல் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாட்டைக் காட்டுகிறார்கள். ஞானஸ்நானத்துக்கு முன் பிஷப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்.

பிஷப் என்றதும் எனக்கு மகுடமும் செங்கோலும்தான் கண்ணில் வந்தன. இவர் காலர் இல்லாத சாதாரண மனிதர். வாரம் முழுக்க வேலைக்குப் போகிறவர். சபையில் சம்பளம் இல்லை. அவருடைய சபைக்குப் பெயர் 'வார்டு'. நம்மூரில் வார்டு என்றால் கவுன்சிலரும் சாக்கடையும்.

"உன்கிட்ட என்ன கேட்டாரு?" என்றேன் மருமகளிடம்.

"எனக்கே விருப்பமான்னு கேட்டாங்க மாமா. உங்ககிட்ட கேட்டாங்களா?"

சரி, பேச்சை மாற்றினேன்.

அத்தானின் அம்மாவைப் பிள்ளைகள் ஆயா என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் முதல் கரும்புக் கூலிகளை இங்கே இறக்கியது. ஆயாவின் முன்னோர் அதற்குப் பின்னால் ஏதோ ஒரு கப்பலில் வந்தவர்கள். ஆயா சபையில் சேரவில்லை. வீட்டுக்குப் பின்னால் தனி அறை, அதில் விளக்கு, மாரியம்மன் படம், பெருமாள் படம். டர்பன் தமிழர்கள் புரட்டாசியை விடுவதில்லை. மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. ஞானஸ்நானம் விழுந்ததோ மூன்றாம் சனிக்கிழமை. விடியற்காலையில் ஆயா பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு, நெற்றியில் நாமத்தோடு, நல்ல பட்டுச் சேலையில் முதல் ஆளாகக் காரில் உட்கார்ந்துவிட்டார்.

டர்பனை ஒட்டிய உம்லாங்காவில் 2020 பிப்ரவரியில் திறந்த சபையின் பெரிய ஆலயம் இருக்கிறது. பிள்ளைகளின் ஞானஸ்நானம் அங்கே அல்ல, வார்டுக் கட்டடத்தில்தான். நாலு படி இறங்கும் ஓடு பதித்த தொட்டி, மேலே சாய்வாக ஒரு கண்ணாடி. பின்வரிசையிலிருந்தும் தண்ணீர் தெரிய அந்த ஏற்பாடு. அத்தான் அதிகாலையிலேயே போய்க் குழாயைத் திறந்திருந்தார். பாதியில் வெந்நீர் தீர்ந்துபோனதைப் பிள்ளையிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்பாவும் மகளும் வெள்ளையில் இறங்கினார்கள். முதல் படியிலேயே அவள் தோளைக் குறுக்கியதிலிருந்து தண்ணீரின் குளிர் எனக்குத் தெரிந்தது. அவள் இரு கைகளாலும் அவர் இடது கையைப் பற்றிக்கொண்டாள். அவர் வலது கையை உயர்த்தி, அவளை முழுப்பெயர் சொல்லி அழைத்து ஜெபித்தார். சின்ன ஜெபம்தான், ஆனால் ஒரு சொல் மாறக் கூடாது. அவள் மூக்கைப் பொத்தினாள். சாய்த்து முக்கி எடுத்தார். எல்லோரும் மூச்சை விட்டோம்.

தொட்டி ஓரத்தில் இரண்டு சாட்சிகள். ஒருவர் வார்டுப் பெரியவர், இன்னொருவன் அவளுடைய பதினோரு வயது அண்ணன். ஞானஸ்நானம் பெற்ற யாரும், சிறு பிள்ளையானாலும், சாட்சியாக நிற்கலாம் என்று 2019இல் விதி மாறியிருக்கிறது. பெரியவர் தலையாட்டினார். பையன் ஆட்டவில்லை. தொட்டிக்குள் விரலை நீட்டி, "கால் பெருவிரல்" என்றான், இங்கிலீஷில்.

முழு உடம்பும் மூழ்கவேண்டும். முடியோ துணி நுனியோ வெளியே தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. அவள் அண்ணனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதில் பரிசுத்தம் எதுவும் இல்லை. பல் கிட்டிக்க, ஜெபம் மறுபடி. இந்த முறை அத்தான் அவள் முட்டியை மடக்கச் சொல்லி முக்கினார். பையன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்து, தண்ணீரைக் குனிந்து பார்த்து, அப்புறம்தான் தலையாட்டினான். பக்கத்தில் ஆயா, "ரெண்டு முழுக்கு நல்லதுதான்" என்றார். ஆற்றில் மூன்று போடுவோமே என்ற கணக்கு.

உலர்ந்த உடை மாற்றி வந்தவளை நாற்காலியில் உட்காரவைத்து, அத்தானும் இரண்டு மூன்று பேரும் தலைமேல் கைவைத்து ஜெபித்தார்கள். பரிசுத்த ஆவியின் வரம் அதில்தான்.

வீட்டில் சாப்பாடு. ஆயாவுக்காக எல்லாமே சைவம்: பருப்புப் போட்ட டர்பன் பிரியாணி, பீன்ஸ் குழம்பு, வடை. ரொட்டியின் நடுவைக் குடைந்து குழம்பை ஊற்றினால் அதுதான் பன்னி சௌ. குடைந்தெடுத்த பஞ்சுத் துண்டால் தொட்டுத் தொட்டுத் தின்னவேண்டும். கரண்டி கேட்டு அவமானப்பட்டேன். எல்லாம் சரி, டீ மட்டும் கிடையாது. காபி, டீ, மது எதுவும் இவர்களுக்கு ஆகாது. பதிலுக்கு ரூய்போஸ், இந்நாட்டுச் செடியின் இலை. நிறம் டீ மாதிரியே இருப்பதுதான் அதன் துரோகம். மூன்று நாளாகத் தலைவலி.

நாலரை மணிக்கு ஆயா சாடை காட்டினார். பின்னறைக்குப் போனேன். கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட பால் டீ, எவர்சில்வர் டம்ளரில். முதல் வாய் உள்ளே போனபோது கண் தானாக மூடிக்கொண்டது.

திறந்தபோது, ஈரத் தலையில் துண்டு சுற்றியபடி மருமகள் வாசலில் நின்றாள். டம்ளரைப் பார்த்தாள். ஆயாவைப் பார்த்தாள்.

"மாமா, இன்னையிலேர்ந்து நானும் சாட்சி நிக்கலாம், தெரியுமா?"