கொக்குவில் வீட்டுக் கூரைக்கு நியாயமான விலை தேடிய கதை

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மா இருப்பது அப்பப்பா கட்டிய ஓட்டு வீடு. 2023 மாரியில் விறாந்தையிலும் குசினியிலும் ஐந்து இடத்தில் சட்டி வைத்தோம். அடுத்த ஐப்பசிக்கு முன் திருத்தியே தீரவேண்டும் என்று மாசியிலேயே ஆள் தேடத் தொடங்கினேன்.

முதல் வந்த கொந்தராத்துக்காரர் கூரையைப் பார்த்ததைவிடக் கூட எங்களைத்தான் விசாரித்தார். தம்பி கனடாவில் என்று அம்மா சொன்னதும் "எல்லாத்தையும் கழட்டிப்போட்டு சீற் அடிப்பம், 14 லட்சம்" என்றார். எந்த மரம், கூலி எவ்வளவு, பொருள் எவ்வளவு, ஒன்றும் சொல்லவில்லை, டொலர் ஏறிவிட்டது என்பதுதான் பதில். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியது உண்மை, ஆனால் அவர் இதைச் சொன்னபோது அது 310 அளவுக்கு இறங்கியிருந்தது. கனடாவில் தம்பி குளிரில் இரட்டை வேலை செய்து அனுப்புகிற காசு அது. எனக்கு நெஞ்சு கொதித்தது.

இரண்டாமவர் 1,000 சதுர அடி, 11 லட்சம் என்று எழுதித் தந்தார். எழுதித் தந்தது நல்லதாய்ப் போயிற்று, ஏனென்றால் எழுதியதை அளந்து பார்க்கலாம். கூரையை நிலத்தின் அளவில் கணக்கிடக் கூடாது, சரிவோடு அளக்க வேண்டும். மச்சானும் நானும் ஏணி வைத்து நாடா பிடித்தோம், முகட்டிலிருந்து மழைத்தண்ணீர் ஓடும் பீலி வரை 13 அடி, நீளம் 32 அடி, இரண்டு பக்கமும் சேர்த்து 832 சதுர அடி. மிச்சம் 168 சதுர அடிக்கு அவர் விலையில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல். கேட்டேன், அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

அப்புறம்தான் தேடும் முறையை மாற்றினேன். அண்மையில் கூரை திருத்தி, இரண்டு மாரி கண்ட வீடு எது என்று அயலில் விசாரித்தேன். அப்படிக் கிடைத்தவர்தான் நீர்வேலிப் பக்கத்து ஓடாவியார், மரவேலை செய்பவர். ஓட்டைக் கழற்றி, சுத்தியலால் ஓட்டைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனஞ்சிலாகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் 'ணங்' என்றது, உளுத்தது 'பொத்' என்று அடங்கியது, கீழே நின்ற எனக்கே வித்தியாசம் விளங்கியது. "முப்பத்திரண்டிலை ஒன்பதுதான் பிள்ளை பழுது. மற்றதெல்லாம் நல்ல வைரம், அதை ஏன் கழட்டுறியள்?" என்றார். முதல் இருவரும் எல்லாவற்றையும் எறியச் சொன்ன மரம் அது!

கூரை வேலைக்குக் கூலி மட்டும் மொத்தமாகப் பேசினோம், மரமும் ஓடும் சீமெந்தும் நாங்களே வாங்குவதாக. சில்லறைப் பூச்சு வேலைக்கு நாள் சம்பளம். கூலியை மூன்று தரமாகக் கொடுப்பது, கடைசிப் பங்கு முதல் பெருமழைக்குப் பிறகு என்று கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம். ஸ்ரான்லி வீதியில் நான்கு கடை ஏறி இறங்கியதில் விலை வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது, கால் நோவுக்குப் பலன் இருந்தது.

மணலில்தான் கவனம் வேண்டும். ஒரு கியூப் என்றால் 100 கன அடி. வந்த உழவு இயந்திரப் பெட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், மணல் 2 அடி உயரம், ஆக 80 தான். நாடாவை வைத்துக் காட்டியதும் சாரதி மறுபேச்சில்லாமல் அதற்கேற்பக் காசைக் குறைத்தார். ஓடாவியார் கூட்டி வந்த மேசன் ஒரு பிடி மணலைப் போத்தல் தண்ணீரில் குலுக்கி, தெளிந்த பிறகு நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். உப்பு மணலில் பூசினால் சுவர் பொரிந்து உதிரும் என்றார்.

எல்லாம் சேர்த்து 5,60,000 ரூபா. ஐப்பசியில் இரவு முழுக்கப் பெய்த முதல் மழைக்கு முகட்டோரம் ஒரு இடத்தில் சொட்டியது. விடிய ஓடாவியாரை அழைத்தேன், பத்து மணிக்கு வந்து இரண்டு முகட்டோட்டைத் திரும்பப் பதித்தார். அடுத்த மழையும் பெய்து, அம்மா ஒவ்வொரு அறையாக ரோச் அடித்துப் பார்த்த பிறகுதான் ஓடாவியார் கடைசிப் பங்கை வாங்கினார்.